தென்மேற்கு மூலைக்குப் போன தண்ணீர்த் தொட்டி

சென்ற ஆண்டு ஜூலை 12, சனிக்கிழமை, காலை பத்து இருபது. நல்ல மழை. பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி வீட்டை வாங்க வந்த இளம் தம்பதியர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியால் இனிப் படியேற முடியாது. இதை விற்றால்தான் தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் வாங்க முடியும்.

"வாஸ்து பக்கா சார். டேங்கைக்கூட தென்மேற்குக்கு மாத்தியாச்சு" என்று புரோக்கர் அளந்துகொண்டிருந்தார். அப்போது கூரையிலிருந்து அந்தப் பெண்ணின் தலையில் தண்ணீர் சொட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், இது எந்த மூலை?"

போனவர்கள் திரும்பி வரவில்லை.

விற்பதற்கு முன் ஒரு பொறியாளரிடம் வீட்டைக் காட்டலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். "அதெல்லாம் தண்டச் செலவு சார், வாஸ்து பார்த்தா போதும்" என்றார் புரோக்கர். அவர் கூட்டிவந்த வாஸ்து மேதை, மழைக்காலத்தில் கூரையைப் பார்க்காமல் திசைகாட்டியைப் பார்த்த ஆசாமி. நிரம்பிய தொட்டி என்ன எடை இருக்கும் என்று யோசிக்கத் தெரியாதவர். அவர் தொட்டியைத் தென்மேற்குக்கு மாற்றச் சொன்னதும், படித்தவனான நானும் மண்டையை ஆட்டினேன்.

அந்தத் தம்பதியர் போன பிறகு நாங்கள் அழைத்துவந்த பொறியாளர், தொட்டியின் பாரத்தைத் தாங்க அந்த மூலையில் உத்திரமே இல்லை, தளம் விரிசல் விட்டுவிட்டது என்றார்.

"இப்பவாவது காதுல விழுந்துச்சா?" என்றாள் மனைவி.

தொட்டியைப் பழைய இடத்துக்கே மாற்றி, தளத்தைச் செப்பனிட்டோம். பொறியாளரின் அறிக்கையைப் படித்த பிறகுதான் அடுத்து வந்தவர் முன்பணம் கொடுத்தார். இப்போது ஃபிளாட் பார்க்கப் போகும்போதும் பொறியாளரைத்தான் அழைத்துப் போகிறேன். திசை சொல்ல வருகிறவர்களுக்கு வாசலைக் காட்டுகிறேன்.

பொறியாளரின் கட்டணம் நாலாயிரம் ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய் எனக்கு ஆன செலவு, ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.