தண்ணீருக்குள் மட்டும் மச்சான்

தையல்காரருக்கும் அவர் மனைவியின் அண்ணனுக்கும் பேச்சு நின்றது ஒரு கோட்டினால். மச்சானுடைய கல்யாணத்துக்கு இவர் தைத்துக் கொடுத்த கோட்டு, போட்டோவுக்காக அவர் குனிந்தபோது முதுகில் டர்ரென்று கிழிந்தது. "இதெல்லாம் ஒரு தையலா?" என்று மச்சான் சபையில் கேட்டார். "உடம்பைக் குறைச்சிட்டு வரச் சொல்லுங்க" என்று இவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அன்றோடு சரி.

அதன்பின் ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் உப்பு வேண்டுமென்றால் தையல்காரர் மனைவியிடம் கேட்பார். அவள் அண்ணனிடம் கேட்பாள். உப்பு மூவர் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். அவளுக்குத் தலையில் அடித்து அடித்தே கை வலித்தது.

மிஷினில் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதால், தண்ணீரில் கிடந்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, இவர் முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் நீந்துகிற ஊர் ஸ்கூபா கிளப்பில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் மச்சானும் சேர்ந்தார். வம்புக்கென்றே வந்திருக்கிறார் என்று இவர் பல்லைக் கடித்தார். கிளப்பில் யாரும் தனியாக இறங்கக்கூடாது. மற்றவர்களெல்லாம் முன்பே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இந்த இருவர்தான்.

தண்ணீருக்குள் போனதும் எல்லாம் மாறிப்போனது. அங்கேதான் யாராலும் பேச முடியாதே! மீனைக் காட்டிக்கொண்டார்கள். ஒருமுறை பெரிய ஆமையைப் பார்த்துவிட்டுக் கைகோத்துக்கொண்டார்கள். தலை மேலே வந்ததும் ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள். தையல்காரர் வாரம் முழுக்கப் பட்டன் தைத்தபடி ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்கினார். மச்சானை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பாழாய்ப்போன வீம்புதான் விடவில்லை.

அப்போதுதான் கிளப் தலைவரான பல் டாக்டர் புது விதி போட்டார்.

"இனிமே இறங்கறதுக்கு முன்னாடி ஜோடியோட பெல்ட்டு, சிலிண்டர் எல்லாம் பாத்து, அவங்ககிட்டயே வாய்விட்டுச் சொல்லணும். இல்லைன்னா ஜோடியைப் பிரிச்சிடுவேன்."

தையல்காரர் மச்சானை ஓரக்கண்ணால் பார்த்தார். பிரித்துவிட்டால் மச்சானோடு இருக்கிற அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும்.

அடுத்த பயணத்தில், நடுக்கடலில், இவர் படகோட்டியிடம், "அவரு பெல்ட்டு சரியா இருக்குன்னு சொல்லிடுங்க" என்றார்.

"செல்லாது" என்றார் டாக்டர்.

மச்சான் நங்கூரக் கயிற்றைப் பார்த்து, "சிலிண்டர்ல காத்து இருக்கு" என்றார்.

"கயிறுகிட்ட சொன்னாலும் செல்லாது. ரெண்டு பேரையும் பிரிக்கறேன்."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "மச்சான், உங்க பெல்ட்டு சரியா இருக்கு."

மச்சானின் முகம் கோணிக்கொண்டது. "உங்க சிலிண்டரும் சரியா இருக்கு மாப்பிள்ளை. ஆனா நான் இறங்கலை."

"ஏன்?"

"எனக்குத் தண்ணின்னாலே பயம். ஒவ்வொரு தடவையும் உயிர் போயி உயிர் வருது. அந்த ஆமையைப் பாத்தப்போ பயத்துலதான் உங்க கையைப் புடிச்சேன்."

"அப்புறம் எதுக்குச் சேந்தீங்க?"

"வேற எங்க நீங்க என் முகத்தைப் பாக்கறீங்க?"

டாக்டர், "இறங்கறீங்களா இல்லையா?" என்று அதட்டினார். தையல்காரர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். படகு ஆடியது. மச்சான் எட்டிக் கடலில் வாந்தி எடுத்தார். தையல்காரர் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.