பதிமூன்று எழுத்துச் சாவி

கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூட்டுப் போடுகிற தொழில் நம்முடையது. உள்ளே எதுவும் தொலையாதவரை நம்மை யார் மதிக்கிறார்கள், சொல்லுங்கள் நண்பர்களே? வெளிநாட்டில் ஸ்மார்ட் கார்டுகளின் ரகசியக் குறியீட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, 2007 வாக்கில் செவிலிமேட்டுக்குத் திரும்பியவன் நான். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் வயர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம்.

முதலாளியின் சந்தேகம்

பட்டுக் கடை முதலாளி கோவிந்தன் கூப்பிட்டனுப்பினார். கல்யாண சீசனுக்கென்று ஒளித்து வைத்திருந்த அன்னப்பட்சி பார்டர், எதிர்க் கடைக் கண்ணாடிக்குள் புடவையாகவே தொங்குகிறது. மாடியில் சுமதி கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள். கீழே கல்லாவில் உட்கார்ந்து முதலாளி வயர்லெஸ்ஸில் பார்ப்பார். வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே அவள்தான் விற்றாள், நாளையிலிருந்து வேலைக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. சுமதி அழவில்லை. மௌஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

காற்றிலேயே எவனாவது எடுத்திருக்கலாமே என்றேன். முதலாளி சிரித்தார்: "பூட்டு போட்டுக்கீதுப்பா. பதிமூணு எழுத்து கேட்டுது, நல்லதா பாத்து வெச்சேன். எந்தத் திருடனும் கை வெக்க மாட்டான்."

தெருவுக்கு வந்தவர்

அவர் சம்மதத்தோடு, அவரையும் அழைத்துக்கொண்டு, எதிர்ச்சாரி ஜூஸ் கடையில் லேப்டாப்பைத் திறந்தேன். நான் சொல்லி வைத்தபடி சுமதி மாடியிலிருந்து படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். முதலாளி போட்டிருந்த பூட்டு டபிள்யூஇபி என்கிற பழைய முறை; அது ஒவ்வொரு தகவல் துண்டை மூடும்போதும் சாவியின் வாடையைக் கொஞ்சம் வெளியே விடும். போதுமான அளவு மோப்பம் பிடித்தால் சாவியே வந்துவிடும். படித்திருந்தேனே தவிர, செய்து பார்த்ததில்லை.

ஜூஸில் ஐஸ் கரைவதற்குள் திரையில் பதிமூன்று இங்கிலீஷ் எழுத்துகளும் வரிசையாக வந்து நின்றன: காஞ்சிவரதர். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "அய்யய்யோ, பெருமாளே தெருவுக்கு வந்துட்டாரேப்பா!"

இரண்டு கட்சி

புது முறைக்கு மாற்றலாம் என்றேன். அதிலும் இரண்டு வகை: பழைய வயர்லெஸ் பெட்டியிலேயே ஒட்டுப் போட்டு ஓடுகிற டிகேஐபி, புதுப் பெட்டி கேட்கிற, ஆனால் அசைக்க முடியாத ஏஇஎஸ். உற்சாகத்தில் இரண்டுக்கும் உள்ள தகராறையெல்லாம் விரிவாகவே விளக்கிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுலயும் வடகலை தென்கலையா? எதுல சுமதி டிசைன் வெளிய போவாதோ, அத்தப் போடுப்பா."

'சுமதி டிசைன்' என்றாரே, அப்போதே அவள் வேலை நிலைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சுமதியின் நிபந்தனை

புதுப் பெட்டி வந்தது. புதுச் சாவியாக எந்தச் சொல்லை வைக்கலாம் என்று கேட்க மாடிக்குப் போனேன். முதலாளியும் கூடவே ஏறி வந்து, "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். அவள் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்களே அடிச்சுட்டுப் போங்க சார். எனக்குச் சொல்லாதீங்க, அவருக்கும் சொல்லாதீங்க. அடுத்த தபா எதுனா வெளிய போனா, சந்தேகப்படறதுக்கு நான் ஆள் இல்ல."

ஆக, அந்தச் சாவி தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான் என்பதால், எதிர்க் கடைக் கண்ணாடியை அவர்களைவிடக் கவலையோடு பார்த்துக்கொண்டு போகிறவனும் நானே.