கீழ்க்குரலின் கடைசிப் பக்கம்

எனக்குத் தெரிந்த ஒரே ஐரோப்பிய இசையமைப்பாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. அவருடைய சொந்த ஊரிலேயே பாதிப்பேருக்குத் தெரியாதாம். எனக்கே போன தவக்காலத்தில்தான் தெரியும். அதற்கு முன் முப்பது வருடமாக, யாருடையது என்று தெரியாமலே அவருடைய ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று ஆர்மோனியத்தை மூடிவிடுவோம். சிலுவையை முத்தமிடச் சனம் வரிசையில் நிற்கும்போது இரண்டு குரல்கள் மட்டும் பாடும். பெண்கள் மேல்குரல், நாங்கள் கீழ்க்குரல். யுத்த காலம், கடதாசிக்குப் பஞ்சம். பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் ஏதோ பழைய வெளிநாட்டுப் புத்தகத்தில் கிடந்த மெட்டுக்குத் தமிழில் சொற்கள் எழுதி, அவரவர் பகுதியை மட்டும் அவரவர் கொப்பியில் எழுதவைத்தார். என் கொப்பியில் முதல் வரியே ‘நாலு எண்ணவும்’ என்பதுதான். அந்த நாலு எண்ணிக்கைக்கும் ஒருத்தி தனியே பாடுவாள், பிறகு நான் நுழைவேன். அவளையே கட்டிக்கொண்டேன்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் விடவில்லை. மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ட் குசினியில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கஞ்சியைத் துழாவியபடி அவள் தொடங்குவாள். நான் எப்போதும் மூன்றிலேயே நுழைந்துவிடுவேன்.

“உங்களுக்கு நாலு எண்ணத் தெரியாதோ?”

முடிந்ததும் இன்னொரு குறை சொல்லுவாள். “உது முடிஞ்ச மாதிரி இல்லையப்பா.”

“ஆமென் சொன்னாப் பிறகு என்ன முடியேல்லை?” என்று எரிந்து விழுவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் செத்துப்போய்விட்டாள். அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று குசினியில் நின்று பாடப் பார்த்தேன். அவளுடைய வரி வரவில்லை. முப்பது வருடம் கேட்ட மெட்டு, துண்டாக மறந்துபோயிருந்தது. என் பகுதி மட்டும் கறியில்லாத வெறுஞ்சோறாக வாயில் கிடந்தது. ஒரு ஒலிப்பதிவுகூட எங்களிடம் இல்லை. அவள்தான் பக்கத்திலேயே இருந்தாளே, பதிவு எதற்கு? அந்த மெட்டை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்கித் திரிந்தேன். கோயிலில் கேட்டேன், பழைய ஊர்க்காரரிடம் போன் பண்ணிக் கேட்டேன். கீழ்க்குரல்காரர்தான் மிஞ்சியிருந்தார்கள். என்னைப் போலவே அவர்களும் ‘ஊம் ஊம்’ என்று இழுத்தார்கள்.

தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்கப் பொறுக்காமல் காரில் வேறு நிலையத்துக்கு மாறியிருந்தேன். எந்நேரமும் பழைய மேற்கத்திய இசை போடும் நிலையம், அங்கே செத்தவர்களெல்லாம் எப்போதோ செத்தவர்கள். போன தவக்காலத்தில் ஒரு காலை, மார்க்கம் நகரத்துக்கு வேலைக்குப் போகிற வழியில், விளங்காத பாஷையில் ஒரு பெண்குரல் தனியே தொடங்கியது. என் வாய் தானாக நுழைந்தது, வழக்கம்போல மூன்றிலேயே. ஒரு கோப்பிக்கடை வாசலில் காரை நிறுத்தி அழுதழுது பாடினேன். நாங்கள் முடிக்கும் இடம் வந்ததும் ஆமென் சொல்லிச் சட்டென்று ரேடியோவை நிறுத்தினேன். அடுத்த பாட்டு வந்து அவளை அழித்துவிடும் என்று பயம். பிறகுதான் உறைத்தது, பாட்டு யாருடையது என்று கேட்கவில்லை.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு ஓர்கன் வாசிக்கும் மன்னார்ப் பெண்மணியிடம் ஓடினேன். கேட்ட நேரத்தை வைத்து, ரேடியோவின் இணையப் பட்டியலில் அவர் தேடிப் பிடித்துவிட்டார். சின்னப் பட்டினமொன்றின் பள்ளிக்கூட வாத்தியாராம் அந்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓர்கன் வாசிப்பார். பாடுவதற்குப் பேக்கரியில் பாண் சுடுகிறவர்களும் நெசவுகாரரும்தான் கிடைத்தார்கள், அந்தந்த வருடம் இருக்கிற குரல்களுக்கு ஏற்றபடி எழுதினார். கட்டுக்கட்டாக எழுதியும் அச்சேறியது கொஞ்சம். ஒருமுறை பெரிய நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார், ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேசாமல் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். எனக்கு மாஸ்டரின் ஞாபகம் வந்தது.

அடுத்த கிழமை இசைத்தாள்களை எடுத்துவந்து, வெறுங்கோயிலில் மேல்குரலை மெல்ல வாசித்துக் காட்டினார். அவள் வரி முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது. அந்தச் சந்தோசத்தில் எழும்பப் போனேன்.

“அண்ணை, இருங்கோ. உது முடியேல்லை. இதில ஆமெனே இல்லை, இன்னொரு பக்கம் கிடக்கு.”

மாஸ்டரின் புத்தகத்தில் கடைசித் தாள் கழன்று போயிருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் எதையும் ஆமென் போட்டு முடித்துவைப்பார்கள்.

“இதில மேல்குரலுக்கு ஒண்டுமில்லை, அண்ணை. வெறுங்கோடுதான். கீழ்க்குரல் தனியப் போகுது.”

ஏன் என்று கேட்டேன். அது எங்கேயும் எழுதியில்லை என்றார். அந்த வருடம் மேல்குரல்காரிக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருக்கலாம் என்று சிரித்தார். இருக்கலாம், ஆனால் நான் நம்பவில்லை.

பெரிய வெள்ளியன்று கஞ்சியை நானே காய்ச்சினேன், அடிப்பிடித்துவிட்டது. அவள் வரியை முணுமுணுத்து, சரியாக நாலு எண்ணி நுழைந்தேன். ஆமென் வரும் இடத்தில் வாயை அடக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அதற்குத் தமிழில் சொற்கள் இல்லை, எழுதித் தர மாஸ்டரும் இல்லை. ‘ஆ’ என்று இழுத்தபடியே தனியே பாடினேன். பாடிவிட்டு, அவள் வழக்கமாக நிற்கும் அடுப்புப் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

“ஓமப்பா, நீர் சொன்னதுதான் சரி. முடியேல்லை.”