மடங்காத விரல்களும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

1. காயம் கட்டும் அறை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கோவிந்தன் வெந்நீர்ப் பாத்திரத்தை என் மீது எட்டி உதைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கன்னியாஸ்திரிகள் பொறுப்பில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் புண் கழுவுவதும் கட்டு மாற்றுவதும் ஒத்தடம் கொடுப்பதும் என் வேலை. இப்போது தாதி வேலைக்கு வரும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கோவிந்தன் வீராம்பட்டினத்து மீனவர். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது வலது கை அதனடியில் சிக்கி நசுங்கிவிட்டது. காயம் ஆறியது. விரல்கள் மட்டும் குச்சிபோல் நீட்டியபடி நின்றன. "தினமும் வெந்நீரில் வைத்து மடக்க வேண்டும். விட்டால் அப்படியே இறுகிவிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தன் போடும் கூச்சலுக்குப் பயந்து மற்றவர்கள் நழுவினார்கள். நான் போனேன்.

"கைய உடு! என்னா பாவம் பண்ணேன் ஒனக்கு?"

"இந்தக் கையி வலை இழுக்க வாணாமா அண்ணே? கொஞ்சம் பொறுத்துக்க."

ஒவ்வொரு விரலையும் மடக்கி, மாதாவின் மந்திரம் ஒன்று சொல்லி முடியும்வரை பிடித்திருப்பேன். என்னிடம் வேறு கடிகாரம் இல்லை. என் உதடு அசைவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னா முணுமுணுக்குற? என்னையும் ஒங்க வேதத்துல சேக்கப் பாக்குறியா?"

"ஒன் வெரலு மடங்குனா போதும். நீ எந்தக் கோயிலுக்கு வேணா போ."

அவர் நம்பவில்லை. ஒருநாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். "போனவன் போகட்டும், ஆரோக்கியம். உன் கடமை முடிந்தது" என்றார் எங்கள் மாசேர். தலைமைக் கன்னியாஸ்திரியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குத் தலையாட்டினேனே தவிர, எனக்கு அது முடிந்ததாகப் படவில்லை.

2. வீராம்பட்டினம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நடந்தே போனேன். கோவிந்தன் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி அஞ்சலைதான் பேசினாள். "நான் பெரிய மார்க்கெட்டுல மீன் வித்துட்டு வந்தாத்தான் ஒல கொதிக்குது அக்கா. நீ வுட்டுடாத."

நான் விடவில்லை. மறு ஞாயிறும் போனேன், அதற்கடுத்ததும் போனேன். அஞ்சலை வெந்நீர் வைப்பாள். அவர் திட்டுவார். நான் மடக்குவேன். மற்ற நாட்களில் அஞ்சலை மடக்க வந்தால் கையை உதறிவிடுவாராம். அதனால் ஒரு வாரம் இளகிய விரல் அடுத்த வாரம் மறுபடி இறுகியிருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு எனக்குச் சலித்துவிட்டது. பாதையெல்லாம் சேறு, உடம்பிலும் காய்ச்சல். இன்று வேண்டாம் என்று கோயிலில் முழங்காலிட்டபடியே முடிவு செய்தேன். சுவரில் சிலுவைப்பாதைப் படங்கள். ஆண்டவர் சிலுவையைச் சுமந்து விழுகிற படம் மூன்று உண்டு. எழுகிற படம் என்று தனியாக ஒன்றும் இல்லை. அடுத்த படத்தில் எழுந்து நின்றிருப்பார், அவ்வளவுதான். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குடிசை வாசலில் கோவிந்தன் பாத்திரத்துக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது கை விரல்களைத் தானே மடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஏதோ முணுமுணுத்தார்.

"இந்த மழையிலயும் நீ வருவேன்னு அஞ்சல அடிச்சு சொன்னா. எவளோ ஒருத்தி என் கையிக்காக நனையுறா, எனக்கு என்னா கேடுன்னு தோணிச்சு."

"என்னாண்ணே முணுமுணுக்கிற?"

"எங்க அம்மன் பேரு. நீ ஒங்க மாதாவ சொல்லிக்க. ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க."

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் தவறவிடவில்லை. மழை ஓய்ந்து, பனியும் விலகிய பிறகு, வலைக்கயிற்றை வலது கையில் இறுகப் பிடித்து இழுத்தார். கரையில் நின்று என் கண்ணால் பார்த்தேன். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை.

கை காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவரைப் பார்த்து டாக்டர் வியந்தார். "இதை யார் செய்தது?"

"நானும் இவரும், முசே" என்றேன், தலையை நிமிர்த்தி. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அடுத்த நாளிலிருந்து கை நோயாளிகள் எல்லோரையும் என்னிடமே அனுப்பினார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

விடாமுயற்சிக்குப் பெரிய மனவலிமை வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அது இருந்ததில்லை. போகலாமா வேண்டாமா என்று மனம் வாதாடும்போதே கால் வாசலைத் தாண்டிவிட வேண்டும். மிச்ச பலத்தைப் போகிற வழியில் ஆண்டவர் கொடுப்பார்.