தண்ணீர் வராத நாளின் அறிக்கை

மைசூர்ப் பல்கலைக்கழக வகுப்பில் மக்கள் தொடர்பியல் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம், நெருக்கடி நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதுதான். மக்களின் சிரமம் புரிகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். அடுத்த தகவல் எப்போது வரும் என்றும் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடுமாம். நெருக்கடிக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அது விஜயநகரில் எங்கள் அடுக்குமாடிக்கே வந்தது. மோட்டார் பழுதாகி, காலையிலேயே குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அப்பாதான். விடாமல் அடித்த போனை என்னிடம் நீட்டி, "இதத்தானேம்மா படிக்கிற? ஸ்வல்ப, கொஞ்சம் நீயே பேசு," என்றார்.

வாட்ஸ்அப் குழுவில் நல்ல கன்னடத்தில் எழுதினேன்: 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. அடுத்த தகவல் ஒரு மணி நேரத்தில்.' கைகூப்பும் படங்கள் குவிந்தன. ஒரு மணி நேரம் கழித்து அதையே மறுபடி அனுப்பினேன். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வரும் மூன்றாம் மாடிக்காரர்கூட நன்றி சொன்னார். அப்பா பூரித்துப்போய் ஒவ்வொரு பதிலையும் உரக்கப் படித்தார். இப்படியே மதியமானது.

சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா காலித் தட்டுகளை எங்கள் முன்னால் வைத்தாள்.

"மெக்கானிக்குக்கு யாராவது போன் பண்ணீங்களா?"

அப்பா அவசரமாகப் போனை எடுத்து மெக்கானிக்கின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

"சரி," என்றாள் அம்மா. "உங்க பசி எனக்குப் புரியுது. அடுத்த தகவல் ஒரு மணி நேரத்துல."