காலிப் பலகையும் என் சாக்குப்போக்குகளும்

நிலக்கரி பெல்ட்டை ஓட்டும் பச்சைப் பட்டனில் என் விரல் இருந்தது. அதே நேரத்தில் எழிலரசி பெல்ட்டுக்கு அடியில் குனிந்து சிந்திய கரியை வாரிக்கொண்டிருந்தாள்.

என் பெயர் தேவசகாயம். நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துப் போன வருஷம் ரிட்டையர் ஆனவன். எனக்குப் பேச்சு திக்கும். எழுத்து திக்காது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பலகை

வெட்டிய நிலக்கரி கிலோமீட்டர் கணக்கில் பெல்ட்டிலேயே போகும். வழியில் சிந்தும். பெல்ட்டை நிறுத்திவிட்டு கான்ட்ராக்ட் ஆட்கள் அடியில் இறங்கி அதை வாருவார்கள். இறங்கும் முன் ஒவ்வொருவரும் தன் பெயர் போட்ட டோக்கனை என் அறை வாசலில் இருக்கும் பலகையில் மாட்ட வேண்டும். மேலே வந்ததும் அவரவர் டோக்கனை அவரவரே எடுக்க வேண்டும். பலகை காலி என்றால் கீழே ஆள் இல்லை, நான் பெல்ட்டை ஓட்டலாம். இவ்வளவுதான் சட்டம்.

ஆனால் முதல் ஷிப்ட் முடிந்ததும் ஷிப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது. விட்டால் மதிய வெயிலில் கேட் வரை நடக்க வேண்டும். அதனால் முதலில் ஏறி வருகிறவர் கூட்டாளிகளின் டோக்கனையும் கொத்தாக எடுத்துக்கொண்டு ஓடி, பஸ்ஸில் இடம் போட்டு வைப்பார். மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். இது எனக்குத் தெரியும். தெரியும் என்ன, "சீக்கிரம் போங்கப்பா" என்று நானே கொத்தை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். நல்ல மனுஷன் என்று அதில் ஒரு பெயர் வேறு எனக்கு.

அன்றைக்குக் கொத்தாக எடுத்தவன் கண்ணன். நான்கு டோக்கன். இரண்டு பேர் அவன் பின்னால் ஏறி ஓடினார்கள். நான்காவது ஆள் எழிலரசி. முத்தாண்டிக்குப்பத்துப் பெண், வேலையைப் பாதியில் விட மாட்டாள். அவள் மேலே வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. பலகையை மட்டும் பார்த்தேன். காலி.

கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. "யோவ் தேவா, பலக காலிதானே? இன்னும் என்னாய்யா பூஜ போட்டுக்கினு இருக்க? பெல்ட்ட ஓட்டு."

பெல்ட் ஓடப்போகிறது என்று சைரன் கொடுத்தேன். அப்போதுதான் 'கீழே போய்ப் பார்' என்று வந்தது. காதில் கேட்டது என்று சொன்னால் பொய். நெஞ்சுக்குள் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன். பலகை காலி. முழங்கால் வலி. இறங்கிப் பார்த்து ஆள் இல்லை என்றால் கன்ட்ரோல் ரூமில் ஒரு வாரம் என்னை வைத்துச் சிரிப்பார்கள். நான் என்ன தீர்க்கதரிசியா, எனக்கு ஏன் தோன்ற வேண்டும்? சைரன் ஓய்ந்தது. விரல் பட்டனுக்குப் போனது. மறுபடி அதே இழுப்பு. சலித்துக்கொண்டேதான் விரலை எடுத்தேன். கீழே இறங்கினேன்.

பெல்ட்டின் கடைசி முனையான டெயில் எண்டில், பெரிய உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தலையை விட்டுக்கொண்டு வாரிக்கொண்டிருந்தாள் எழிலரசி.

அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். பதறிப்போய் எழுந்தாள்.

"என்னாண்ணே, என்னா ஆச்சிங்க?"

"சை... சைரன் கேக்கல?"

"கேட்டுச்சிங்க. அடுத்த லைனுக்குன்னு நெனச்சிக்கினேன். என் டோக்கன் அங்க தொங்கிக்கினு இருக்க, இத எப்படி ஓட்டுவீங்க?"

அவளை மேலே கூட்டிவந்து காலிப் பலகையைக் காட்டினேன்.

சாக்கு

விஷயம் தெரிந்ததும் பஸ்ஸிலிருந்து கண்ணன் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. எழிலரசியைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றான். வளையமாதேவி ஊர்க்காரன். நிலம் மைன்ஸுக்குப் போன பிறகு அந்த வீட்டுக்கு இருப்பது இவனைக் கான்ட்ராக்ட் வேலைக்கு உள்ளே விடும் கேட் பாஸ் ஒன்றுதான்.

"அண்ணே, வெளிய தெரிஞ்சா பாஸப் புடுங்கிடுவாங்க. வூட்ல அஞ்சி பேருங்க."

எழிலரசியே சொன்னாள், "எனக்குதான் ஒண்ணும் ஆவலியே, உடுங்கண்ணே."

விட்டேன். அப்பாடா என்றுகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகரிடம் மட்டும் சொன்னேன். மூன்று வருஷமாக "ஒரு தடவ சபையில எழுந்து சாட்சி சொல்லுங்க, தேவசகாயம்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். திக்குகிற வாயை ஆண்டவர் எதற்கு அழைக்கப் போகிறார் என்று நான் தப்பித்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"உங்கள கீழ போவச் சொன்னது யாரு?"

"க... கர்த்தர்தாங்கய்யா."

"அதோட முடிச்சிட்டாருங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. இவருக்கென்ன, மைன்ஸில் சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ இவருக்கா வரும்? வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று ஆண்டவரிடமே கணக்குத் தீர்த்தேன். நாக்கு திக்குகிறது. ரிட்டையர்மென்டுக்கு மூன்று மாதம்தான் பாக்கி. கண்ணன் குடும்பம் தெருவுக்கு வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கும் நியாயமான காரணங்கள். ஆனால் நாளைக்கு வேறொருவன் விரல் அந்தப் பட்டனில் இருந்தால்? இந்த ஒரு கேள்விதான் எனக்குள் நின்றது. அதற்கு என்னிடம் சாக்கு இல்லை.

கை தூக்கினவர்கள்

மாதாமாதம் சேஃப்டி மீட்டிங் நடக்கும். ஐந்து கன்வேயர் லைன் ஆட்கள், அறுபது பேருக்குமேல். இன்ஜினியர் கடைசியில் வழக்கம்போல், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுக்கொண்டே பைலை மூடினார்.

எழுந்து நின்றேன். முதல் வார்த்தைக்கே அரை நிமிஷம் ஆனது. முன்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்டவரே, நீர்தான் நிறுத்தினீர், நீரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். பலகை காலி, சைரன், உருளைக்கு நடுவில் தலை. கண்ணன் பெயரைச் சொல்லவில்லை. "டோ... டோக்கனக் கொத்தா எடுத்துக் குடுத்துப் பழக்கி உட்டதே நான்தாங்க" என்றேன். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கண்ணன் எழுந்தான். "அன்னைக்கு எடுத்தது நான்தாங்க சார்."

இன்ஜினியர் மூடிய பைலைத் திறந்தார். பிறகு, "வேற எந்த லைன்ல இப்படி நடக்குது? யார் மேலயும் ஆக்‌ஷன் இல்ல. கை தூக்குங்க" என்றார்.

ஒரு கை எழுந்தது. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. ஐந்து லைனிலும் கைகள். என்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்த ஆபரேட்டர்கள் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கியிருந்தார்கள். இன்ஜினியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எழிலரசி கேட்டாள், "அப்ப தெனமும் எங்கள்ல யாரோ ஒருத்தர் இப்படி அடியில இருந்துக்கினு இருந்தோமா?"



ஆக்‌ஷன் இல்லை என்றவர் கண்ணனின் பாஸில் கை வைக்கவில்லை. எனக்கு மட்டும் மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது ஏறி வருகிறவர் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, தன் கையால் எடுத்தால்தான் டோக்கன்.

சாட்சி சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பணிவு என்று நினைத்திருந்தேன். அது பயம். நான் வாயை மூடியிருந்ததால் அறுபது பேரும் மூடியிருந்தார்கள்.

பிள்ளைகளே, அந்த இழுப்பு எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பும் வந்திருக்கிறது. பலகை காலி என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்தியிருக்கிறேன். அந்த நாட்களில் கீழே யாரும் இல்லாமல் போனது என் சாமர்த்தியம் இல்லை.