கால்பந்தில் கடைசி ஓவர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் முதியோர் சாயங்கால வகுப்பில் எழுதப் பழகினேன். இதைப் படம் எடுத்துப் போடுவது என் பேத்தி.

இன்று சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், முதல் முறையாகப் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். கால்பந்து மைதானத்தில் கதவைப் பூட்டிவைத்ததால் நெரிசலில் பலர் இறந்த செய்தி.

அதன் கீழே நம் தலைவர் ஒருவரின் பேச்சு: "கடைசி ஓவரில் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது."

பக்கத்து சீட்டு அம்மா சிரித்தார். "கால்பந்துல ஏது நைனா ஓவரு? எழுத்துக் கூட்டிக்கினு தப்பா படிக்கிற."

என் முகம் சுருங்கிவிட்டது. கண்டக்டர் பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"பெரியவரு சரியாத்தாம்மா படிச்சாரு. பூட்டின கதவ வுட்டுட்டு, தலைவருதான் அம்பயரத் தேடிக்கினு கீறாரு."

எங்கள் சாயங்கால வகுப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தத் தலைவரிடம் யார் சொல்கிறீர்கள்?